ரெண்டு கம்பிக்கு நடுவுல

அன்பு மகள் அபிக்கு, அம்மா எழுதறது. நானும் அப்பாவும் சொகம், அங்க குளிர்ல உன் ஒடம்பு எப்படி இருக்குன்னு நீ போன எடுத்தாத்தானே தெரியும், அதான் எழுதவேண்டியதாப் போச்சு. நான் வேலை பாக்குற கரி யார்டுல, நீ ஜெர்மனிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி சூடு பாக்குற போர்டு மாட்டிக் குடுத்தியே, அத நம்பிக்கினுதான் எல்லாரும் இருந்தோம். போன மாசம் கரிக் குவியல் உள்ளுக்குள்ளயே கனிஞ்சு பொகைய ஆரம்பிச்சிடுச்சு, போர்டு என்னமோ முப்பத்திரண்டு டிகிரின்னுதான் காட்டுது. கலைச்சு விடலாம்னு ஏறின நம்ம யார்டு ஜெயகணேஷுக்குக் கால் உள்ள எறங்கி கணுக்கால் வரைக்கும் வெந்து போச்சு. பர்மனென்ட் ஆக்கலன்ற கோவத்துல அவன்தான் போர்டுலேர்ந்து குவியலுக்குள்ள போற கம்பியப் புடுங்கி விட்டிருப்பான்னு நானே முதலாளிகிட்ட சொன்னேன், கட்டுப் போட்ட காலோட அவன வேலைய விட்டு அனுப்பிட்டாரு. "நான் எதையும் தொடலக்கா"ன்னு அவன் சொன்னத நான் நம்பல.

அப்புறம் கடலூர்லேர்ந்து தமயந்தின்னு ஒரு இன்ஜினியர் போர்டப் பாக்க வந்தாங்க. கம்பி நுனிய கொதிக்கிற வெந்நியில வச்சாங்க, போர்டுல ஒரு டிகிரி கூட ஏறல. லேப்டாப்ப மாட்டிப் பாத்துட்டு, "இந்த ஜோடிக் கம்பி சூட்டுக்கு ஏத்தாப்ல துளியூண்டு வோல்டேஜ் குடுக்கும், ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தத்தான் சிப் அளக்கணும். இதுல ஒரு கம்பிய மட்டும் கிரவுண்டோட ஒப்பிட்டு அளக்க வச்சிருக்கு, இன்னொண்ண சிப் கண்டுக்கவே இல்ல, அதான் வெளிச்சூட்டையே காட்டிக்கினு இருக்கு"ன்னாங்க. அந்த செட்டிங்க மாத்தி மறுபடி வெந்நியில வச்சதும் கிடுகிடுன்னு ஏறிச்சு. ஜெயகணேஷுக்கு லேப்டாப்ப தொறக்கக்கூடத் தெரியாது அபி. அது நீ வச்ச செட்டிங்.

தப்பு யாருக்கும் வரும், எனக்கு உறுத்தறது வேற. பொங்கலுக்குப் பேசினப்ப, மத்தியானம் போர்டு எவ்ளோ காட்டுது, வெளியில வெயில் எப்படின்னு துருவித் துருவிக் கேட்ட, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குன்னு நான் சொன்னதும் பேச்ச மாத்திட்ட. அப்பவே தெரிஞ்சுபோச்சா உனக்கு? ஜெயகணேஷ அனுப்பிட்டாங்கன்னு நான் சொன்ன நாள்லேர்ந்து போனே எடுக்கல, அது வேலைதானா? புள்ளைய சந்தேகப்படாதன்னு அப்பா திட்டறாரு. நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா.

முதலாளிகிட்ட உள்ளத சொல்லிட்டேன், கால் ஆறினதும் அவன வரச் சொல்லிட்டாரு. நேத்து அவன் வூட்டுக்கும் போனேன். அவன் பொஞ்சாதி உள்ள வான்னு கூப்பிடல. அவன்தான் கட்டில்ல இருந்துகினே, "அபி தெரிஞ்சு செய்யாதுக்கா, நீங்க அதப் போய் வையாதீங்க"ன்னான். என்னால தலைய ஆட்ட முடியல.

நேரத்துக்கு சாப்பிடு, சளி புடிச்சா அசட்டையா இருக்காத, ஆண்டவன் உன்ன நல்லபடியா வச்சிருக்கட்டும். என்கிட்ட பேசாட்டியும் பரவாயில்ல, மொதல்ல ஜெயகணேஷுக்குப் போன் பண்ணு.

உன் அம்மா,
ஆதிலட்சுமி, நெய்வேலி