கொக்கின் கையெழுத்து

மார்ச் 4
வெட்கக்கேடு. குடியேற்ற ஆலோசகர் கொட்டாவி விட்டபோது அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டேன். மேல்வரிசையில் இரண்டு கட்டிய பல், நிறம் பொருந்தவில்லை. பார்த்ததோடு விட்டிருக்கலாம். "எங்க சார் கட்டுனீங்க?" என்று கேட்டும் வைத்தேன். மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள்.

மனிதர் வாயை மூடிக்கொண்டு பழிவாங்கினார். "வெளிநாட்டுல ஒன்பது வருஷம் பல்செட் செஞ்சேன்னு நீங்க சொன்னா ஆச்சா? முதலாளி எழுதித் தரணும். என்ன வேலை, எப்ப சேந்தீங்க, எப்ப விட்டீங்க, எல்லாம் வேணும். அதுவும் இந்த மாசத்துக்குள்ள. இல்லன்னா குடியேறுற கதையை மறந்துடுங்க."

என்னிடம் இருப்பது வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு படம்தான்.

"இதுல நீங்க பல் செய்றீங்களா, பிரெட் செய்றீங்களா?"

நல்ல கேள்வி.

மார்ச் 6
முதலாளி பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கிறாராம். அவரை நான் கொக்கு என்றுதான் சொல்வேன். ஒற்றைக் காலில் நின்றுதான் யோசிப்பார். அவர் நடையை நான் நடந்து காட்டினால் பட்டறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் — இதை நான் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சகலை வீட்டுக் கல்யாணத்தில் மைக் பிடித்தே சொன்னேன். இப்போது அதே கொக்கிடம் கையேந்த வேண்டும்.

"உங்க வாய்க்கு அந்தாளு எழுதித் தருவாரா?" என்றாள் மனைவி.

மார்ச் 9
அந்த ஊர் மொழியில் எழுதவைத்து ஆலோசகர் கொக்குக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்.

மார்ச் 17
பதில் இல்லை. சகலை போனில் பேசினார். நாங்கள் போக நினைக்கும் நாட்டில் முன்னமே போய் உட்கார்ந்துவிட்டவர். கூடவே ஒரு படம்: புது சோபா, சோபாவில் சகலை, சகலையின் தொப்பைமேல் ரிமோட். "என்ன சகலை, இன்னும் அங்கேயேதானா?"

போனை வைத்ததும் மனைவி மெல்லச் சொன்னாள்: "ஒன்பது வருஷம் நீங்க அங்க ஜோக்கடிச்சுச் சிரிச்சிட்டு இருந்தீங்க. இங்க நான் காய்ச்சல்ல கெடந்தா தண்ணி எடுத்துக் குடுக்க ஆளில்ல. இந்தத் தடவையாச்சும் சேந்து போலாம்னு நெனச்சேன்."

வாய்வரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன்.

மார்ச் 23
நான் செய்த பற்கள் அந்த ஊரில் எத்தனை வாயில் மென்றுகொண்டிருக்கும்! ஒன்றாவது வந்து சாட்சி சொல்லக் கூடாதா?

மார்ச் 28
வந்துவிட்டது. கொக்கின் கையெழுத்தேதான், அதுவும் ஒற்றைக் காலில் நிற்கிறது. மொழிபெயர்ப்பை ஆலோசகர் உரக்கப் படித்தார். சேர்ந்த நாள் சரி, விட்ட நாள் சரி. மெழுகில் பல் அடுக்கியது, அச்சு வார்த்தது, மெருகேற்றியது, எல்லாம் சரி. கடைசியில் நாலு வரி:

"மிக அமைதியானவர். இத்தனை ஆண்டுகளில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. மதியச் சாப்பாட்டைத் தனியாகவே சாப்பிடுவார். இப்போது நன்றாக இருக்கிறாரா என்று தெரிவியுங்கள்."

"இது போதும் சார், பிரமாதம்!" என்றார் ஆலோசகர், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

"கிழவர் வேற யாரையோ நெனச்சு எழுதிட்டார்" என்றேன். மனைவி சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்கு விட்டாள். எப்போதும் சண்டை போட்டு அவள் பிடிக்கிற இடம் அது.

மார்ச் 29
காகிதங்களை அனுப்பியாயிற்று. இனி காத்திருக்க வேண்டியதுதான்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "அப்ப அந்த ஜோக்கெல்லாம் யாருகிட்டங்க சொன்னீங்க?"

"பல்செட்டுங்ககிட்ட. அலமாரி நெறைய இருந்துச்சு. எதைச் சொன்னாலும் சிரிக்கும்."

"கொக்கு நடை?"

"ரூம்ல ஒரு கண்ணாடி இருந்துச்சு."

குழாயை மூடினாள். ஈரக்கையோடு என் பக்கம் திரும்பினாள்.

ஆறு மேசை போட்டிருந்த அந்தப் பட்டறையில், தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.