ஊர் முழுக்க உங்கள் இடக்கை

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. நம் சோரியாங்குப்பத்தில் மறுபடியும் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று கோலாட்டம் ஆடுகிறார்கள். நம்புவீர்களா? கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி வந்த பிறகு, ஆண்கள் அதன் முன்னால் குதிப்பதும் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதும்தானே வழக்கமாக இருந்தது!

ஆரம்பித்தது நம் மருமகள் ரேகா. "அத்த, இவரு வேல வுட்டு வந்தா போனத்தான் பாக்குறாரு. கையில கோலக் குடுத்தா என் மூஞ்சியையாவது பாப்பாருல்ல?" என்றாள். பரணில் கிடந்த கோல்களை இறக்கினேன். இப்போது ஞாயிறு சாயங்காலம் பள்ளி மைதானத்தில் ஒன்பது ஜோடி. எதிர்வீட்டு முருகேசனும் அவர் மனைவியும் ஒரு மாதமாகப் பேசாமல் இருந்தவர்கள். கோல் தவறினால் திட்டவாவது வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதில்தான் வந்தது வினை.

போன வாரம் பனித்திட்டிலிருந்து நாலு ஜோடி நம்மோடு சேர்ந்து ஆட வந்தார்கள். முதல் தட்டிலேயே அவர்களில் ஒருவருக்கு விரலில் அடி. கையை உதறிக்கொண்டே, "இன்னாம்மா இது, வூரு மொத்தமும் பீச்சாங்கையா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் இடக்கைக்காரர். விரல் போய்விடும் என்று பயந்து உங்களோடு யாரும் ஜோடி சேரவில்லை. கட்டிக்கொண்ட பாவத்துக்கு நான் சேர்ந்தேன். உங்களுக்காக முதல் தட்டை இடக்கையில் பழகினேன். அதுதான் முறை என்று நினைத்து ஊருக்கே பழக்கிவிட்டிருக்கிறேன்!

"ஆத்துத் திருவிழாவுல சிரிப்பாங்க அத்த, மாத்திடலாம்" என்றாள் ரேகா. மறுநாள் அவளை எதிரே நிறுத்தி வலக்கையில் தொடங்கினேன். கோல் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் எதிரே நீங்கள் இல்லை, மாமா. அதுவரை இருந்தீர்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன். ரேகா தன் இடக்கைக் கோலை நீட்டினாள். "வுடுங்க அத்த, இதான் நம்ம வூரு ஆட்டம்" என்றாள்.

பனித்திட்டுக்காரருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கின்னாம்மா? ஒரு சுத்து உங்க கை, ஒரு சுத்து எங்க கை" என்று சிரித்தார். மனது நிறைந்துவிட்டது.

அங்கே உங்களுக்கு ஜோடி யார்? யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். தை மாதம் ஆற்றங்கரையில் முதல் தட்டு இடக்கையில்தான் விழும், இது சத்தியம். அதற்குப் பிறகும் நீங்கள் வேறு ஜோடி தேடாதீர்கள், நான் வருகிறவரை.

உங்களிடம் விரலில் அடி வாங்கியே ஆடப் பழகிய பெண்சாதி,
கஸ்தூரி