பதினெட்டுக்குப் பதினாறு

மேற்குத் தாம்பரம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீங்கள் மூவரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். என் சுகத்தைப் பற்றி ஆய்வுக்கூடமே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒன்பது நாளாகிறது. சிறுநீரில் கிருமி. அம்மா உன்னிடம் லேசான காய்ச்சல் என்றிருப்பாள். அவள் பொய் சொல்லவில்லை, சுருக்கிச் சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலில் குப்பன் என்று ஒருவர். முடிச்சூரில் அடுக்குமாடிக் காவலாளி. அவருக்கும் இதே நோய், இதே கிருமி. இருவர் கிருமியையும் வளர்த்து, பதினெட்டு மருந்துகளை வைத்துச் சோதித்து, திங்கட்கிழமை ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். என் தாளில் பதினாறு மருந்துக்கு நேராக R. குப்பன் தாளில் எல்லாமே S. முப்பத்திரண்டு வருடம் கணக்கு விடைத்தாளில் ரைட் போட்ட கை என்னுடையது. R என்றால் வேறென்ன? "குப்பன், உங்களுக்கு ஒரு ரைட்கூட விழலையே" என்றேன். "நான் இன்னாத்த சார் படிச்சேன், எப்பவும் ஃபெயில்தான்" என்று சிரித்தார்.

மறுநாள் டாக்டர் கிறிஸ்டினா வந்தார். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று வருடாவருடம் கணக்கு வைப்பது அவர் வேலை. R என்றால் அடங்காது, S என்றால் அடங்கும் என்றார். ஐந்து வருடத்துக்கு முன் இந்த ஆஸ்பத்திரியில் அடங்காதவை பத்துக்கு மூன்று, இப்போது ஆறு. வரைபடத்தையும் காட்டினார். கோடு அழகாக ஏறுகிறது. அதில் நானும் ஒரு புள்ளி.

அன்றிலிருந்து குப்பனைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. உடன் வேலை பார்த்தவர் நல்லாசிரியர் விருது வாங்கியபோதுகூட எனக்குச் சாப்பாடு இறங்கியது. இவர் சாதாரண மாத்திரையை விழுங்கிவிட்டு நாலு இட்லி சாப்பிடுகிறார். எனக்கு மிஞ்சிய இரண்டில் ஒன்றை நரம்பில் ஏற்றுகிறார்கள். சிறுநீரகம் தாங்க வேண்டுமாம். முன்பு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, "மாத்திரைன்னாலே பயம்மா எனக்கு" என்றார் குப்பன். என் முறை வந்தபோது, அம்மா நம் வீட்டு பிஸ்கட் டப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள். தும்மினால் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை, தொண்டை கட்டினால் ஒன்று. இரண்டு நாளில் சரியானதும் மீதி டப்பாவுக்குள். மருந்துக்கடை சக்திவேல் என்னிடம் டாக்டர் சீட்டு கேட்டதே இல்லை. தெருவில் பாதிப் பேருக்கு நான்தானே டாக்டர்.

இன்று குப்பன் வீட்டுக்குப் போனார். போகும்போது தன் மாத்திரை அட்டையை என் தலையணையருகே வைத்தார். "எனக்கு நல்லாயிடுச்சு சார். மீதிய நீங்க போடுங்க. எனக்கே கேட்டுச்சு, படிச்சவரு உங்களுக்குக் கேக்காமயா பூடும்?" நான் அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன், ஜெரூஷா. கொஞ்ச நேரம்தான். பிறகு அவர் சட்டைப்பையிலேயே திணித்து, கடைசி மாத்திரை வரை விழுங்க வேண்டும் என்று மிரட்டி அனுப்பினேன். வாத்தியார் குரலுக்கு இன்னும் மனிதர்கள் அடங்குகிறார்கள்.

போன முறை நீ விமானத்துக்குக் கிளம்பியபோது, குழந்தை கெசியாவுக்குக் காய்ச்சல் வந்தால் பாதி கொடு என்று அந்த டப்பாவிலிருந்து ஒரு பொட்டலம் வைத்தேனே, அதை அங்குள்ள மருந்துக்கடையில் ஒப்படைத்துவிடு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் எனக்கு எழுதாதே. அவளுடைய டாக்டரிடம் சொல்.

டிசம்பரில்தான் லீவு என்றாய். கொஞ்சம் முன்னால் கிடைக்குமா என்று கேட்டுப் பார்.

என் பேத்தியின் தாளில் ஒரு ரைட்கூட விழாமல் கர்த்தர் அவளைக் காப்பாராக.

உன் அப்பா,
தனசிங்