மொட்டை டயரில் செங்கல்பட்டுக்கு

இன்று காலை செங்கல்பட்டில் ஒரு டயர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் சின்னக் காரின் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்த கடைக்காரர் அதை வெயிலில் சாய்த்து, ஓரத்தை விரலால் அழுத்திக் காட்டினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள். "மேல பட்டன் வரியெல்லாம் அப்பிடியே கீதும்மா, தேயவேயில்ல. சும்மா நின்னு நின்னு வெடிச்சிருக்கு. வண்டிய எடுக்கறதே இல்லியா?" என்றார். கடை முழுக்கப் புது ரப்பரின் காட்டமான வாசனை. அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. நான்கையும் மாற்றச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையம்வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் நடந்தேன்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. உன்னிடம் இருந்தவரை எந்த டயரும் நின்று வெடித்ததில்லை.

பாலிடெக்னிக்கில் முதல் நாள் பெண்கள் வரிசையில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதே உன் கால் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று வருடமும் அந்தக் கால் ஓயவில்லை, பெஞ்சே அதிரும். நான் கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே வேலை, படித்து முடித்ததும் எனக்கும் அங்கேயே வேலை, அங்கே வேலை பார்த்தவரோடு கல்யாணம். ஊழியர் பேருந்து வரும் நேரம்தான் என் வாழ்க்கையின் நேரம். நீ செய்யூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தாய். உன் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கடலை பிடுங்கி உன்னைப் படிக்கவைத்தவர். மறைமலைநகரில் பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தாய். கம்பெனி பஸ் வாசலுக்கே வந்தாலும் ஏறமாட்டாய். முதலில் பழைய மோட்டார் பைக் ஒன்றை வைத்திருந்தாய். இரண்டாயிரம் பிறந்ததும் அந்தக் காரை வாங்கினாய்.

யாரோ வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, பிறகு சலித்து விற்ற கருநீலக் கார். இரண்டே கதவு. உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். குடியிருப்பில் எங்கள் வீட்டு வாசலில் முதல் தடவை அது வந்து நின்றபோது எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. "இன்னாடி அப்பிடிப் பாக்கற? ஏறு" என்றாய். அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீ போன வேகத்தில் சவுக்குத் தோப்புகள் ஒரே பச்சைச் சுவராகத் தெரிந்தன. நான் கத்திக்கொண்டே வந்தேன். நீ சிரித்துக்கொண்டே ஓட்டினாய்.

தீபாவளிக்குப் போட்ட டயர் அடுத்த ஆடிக்குள் மொட்டையாகிவிட்டது. எங்கள் வீட்டுக் காரில் வாங்கிய நாளிலிருந்து ஒரே டயர்கள்தான். கடைக்காரர் உன்னை ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டேன். மாமல்லபுரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் கட்டைவிரலைப் பிடித்து டயரின்மேல் வைத்தாய்.

"அழுத்திப் பாரு. எரேசர் கணக்கா மெத்துன்னு கீதா? இது ரோட்டை அப்பிடியே கவ்வும், வளைவுல உடாது. கவ்வுற ரப்பரு தேஞ்சிகினுதான் போவும். ஒன் வூட்டு டயரு கெட்டி. வருசக்கணக்கா வரும், ஆனா ரோட்டைப் புடிக்காது. உள்பக்கம் பாரு, இன்னும் மோசம். வளைவுல நிக்கணும்னு சக்கரத்தையே லேசா உள்ள சாய்ச்சி வெச்சிகீறான். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது."

சம்பளம் உயர்ந்தபோதெல்லாம் உனக்குப் புது டயர் வந்தது. "நகை வாங்கற பொண்ணுங்கள பாத்துகீறேன். டயரு வாங்கற பொண்ண இப்பத்தான் பாக்கறேன், ஏசப்பா" என்று உன் அம்மா தலையில் கைவைத்துக்கொள்வார்.

அவரை ஒருமுறை ஊருக்குக் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? நானும் பின்சீட்டில் ஒடுங்கிக்கொண்டு வந்தேன். கூவத்தூர் தாண்டி ஒரு வளைவு வந்ததும் அம்மா ஜன்னல் வழியே கையைக் காட்டினார். "இங்கதான். பண்ணக்காரரு காரு சத்தம் கேட்டா நாங்க பள்ளத்துல எறங்கி நிப்போம். சேத்த வாரி அடிச்சிகினு போவும். அப்புறம் நடவுக்குப் போறது எப்பிடி, அந்தக் கோலத்தோடத்தான்" என்றார். நீ கியரை மாற்றி மிதித்தாய். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏசப்பாவை அழைக்கத் தொடங்கினார். ஊர் எல்லை வந்ததும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "ஊருக்குள்ள மட்டும் மெள்ளமா போடி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். நாம் இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி கோணலாகப் போனது. உன் வேகத்துக்கு எங்கே வேர் என்று அன்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்தது என்பதற்காகப் பயம் குறைந்துவிடவில்லை.

எழுதுவதை நிறுத்திவிட்டு ஒருமுறை மொட்டைமாடிக்குப் போய்வந்தேன். உட்கார முடியவில்லை. அந்த மழை நாளைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு வரும்போதுதான் கால் எழுந்துகொள்கிறது.

கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை. இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவது எனக்கு ஏழு மாதத்தைத் தாண்டியிருந்தது. படி இறங்காதே, பக்கெட் தூக்காதே என்று வீட்டுக்குள்ளேயே கிடந்து பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. என்னவர் பணிக்குப் போயிருந்தார். கடலைப் பார்க்கக் கூட்டிப்போ என்று உன்னிடம் சொன்னேன். நீ தயங்கினாய். "டயரு மொட்ட. புதுசு சொல்லி வெச்சிகீறேன், இன்னும் வரல" என்று வானத்தை அண்ணாந்து பார்த்தாய். பளிச்சென்று இருந்தது. "காஞ்ச ரோடுன்னா பேஜாரு இல்ல. வா."

மாமல்லபுரத்தில் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். நீ வாங்கிக் கொடுத்த சுண்டல் பொட்டலம் பாதிகூடக் காலியாகவில்லை. அடிவயிற்றில் ஏதோ இழுத்தது. எழுந்தபோது புடவையில் ரத்தம். கடற்கரைத் தெருவில் இருந்த ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, "செங்கல்பட்டுல உங்களைப் பார்க்கிற டாக்டர்கிட்டயே உடனே போயிடுங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்றார். வெளியே வந்தால் மழை. கடல் பக்கமிருந்து சுவர் போல வந்துகொண்டிருந்தது.

நீ வேறு வண்டி தேடி ஓடினாய். ஒரு ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "ஆட்டோ குலுக்கும்க்கா, இவங்களுக்கு ஆவாது. ஒன் காருலயே படுக்கவெச்சி இட்டுகினு போ" என்றார். அந்த மழையில் வாடகைக் கார் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நீ நனைந்தபடி நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் உள்பக்கத்தையும் கைவிட்டுத் தடவினாய். பிறகு வந்து சீட்டைச் சாய்த்து என்னைப் படுக்கவைத்தாய். அன்றுதான் உன் கால் ஆடாமல் இருந்ததைப் பார்த்தேன்.

திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பியதும் நீ சொன்னாய், "கேட்டுக்கோ. நான் மெதுவாத்தான் போவேன். இந்த டயருல தண்ணிய ஒதுக்கறதுக்குப் பட்டன் இல்ல. வேகம் போனா வண்டி தண்ணிமேல மெதக்கும். நீ கத்தணும்னா கத்து. நான் அம்பதத் தாண்ட மாட்டேன்."

நான் கத்தினேன். எத்தனை ஞாயிறுகள் மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று அதே இருக்கையிலிருந்து கத்தியிருக்கிறேன்! அன்று "வேகமாப் போடி, மிதி, மிதி" என்று கத்தினேன். உன் தோளில் அடித்தேன். எனக்கே தெரியாத வார்த்தையெல்லாம் சொல்லி உன்னைத் திட்டினேன். நீ முன்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லு, இன்னும் சொல்லு, நான் கேட்டுகினுகீறேன்" என்றாய். பின்னால் வந்த பேருந்து ஒலி எழுப்பித் தள்ளியது. நீ ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டாய். ஸ்கூட்டரில் போன ஒருவர்கூட நம்மை முந்திப்போனார். உன்னை யாரும் முந்தி நான் பார்த்ததில்லை.

ஏரிக்கரை வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. சத்தமே இல்லை. அதுதான் பயங்கரம். ஜன்னலில் சாலை இருந்த இடத்தில் ஏரி வந்தது. நான் பிரேக்கை மிதி என்று அலறினேன். நீ மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு குழந்தையைத் திருப்பிப் படுக்கவைப்பது போலத் திருப்பினாய். ஏரி போய்ச் சாலை வந்தது. உன் உதடு மட்டும் அசைந்தது. உன் அம்மா அழைக்கும் பெயரைத்தான் நீயும் அழைத்தாய் என்று நினைக்கிறேன். கோயிலுக்கே போகாதவள் நீ.

மருத்துவமனை வாசலில் ஆட்கள் என்னை இறக்கிக்கொண்டு ஓடினார்கள். மகள் உள்ளங்கையளவில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, தேறி, பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தபோது, இன்னும் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ உள்ளே வரவில்லை. என்னவர் வந்து பார்த்தபோது வாசலில் காரின்மேல் சாய்ந்து நின்றிருந்தாயாம். டீ முழுக்கச் சட்டையில் கொட்டியிருந்ததாம்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் நீ வந்தாய். புது டயர் போட்டிருந்தாய். கிளம்பும்போது தெருமுனையில் மண் பறந்தது. எனக்குத் தாங்கவில்லை. மறுமுறை வந்தபோது கேட்டேன், "அன்னிக்கு மெதுவா ஓட்டத் தெரிஞ்சுதே. எப்பவும் அப்படி ஓட்டினா என்ன குறைஞ்சுடும்?"

"எப்பவும் அப்பிடி ஓட்டுனா நான் நானா இருக்க மாட்டேன்டி" என்றாய்.

"நீ இருந்தா போதும் எனக்கு."

நீ சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சில வாரம் பேசவில்லை. பிறகு ஒருநாள் குழந்தைக்குப் பொம்மையோடு வந்து ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்தாய். அந்தச் சண்டையை நாம் முடிக்கவேயில்லை.

நான்கு வருடம் கழித்துக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் நோய் என்றார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் புதுச் செட் போட்டிருந்தாய். டயரில் ரப்பர் முட்கள்கூட உதிரவில்லை. நீ ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலத்துக்குள் முடிந்துபோனாய். அம்மா காரைப் புதுச்சேரிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். அவர் ஓட்டிக்கொண்டு போனபோது நான் வாசலில் நின்றேன். அந்த ஒரு செட்டைத்தான் நீ தேய்க்கவில்லை.

சாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள், "காருல போனதா?" இன்றும் கேட்கிறார்கள். இல்லை, படுக்கையில் என்றால் அவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிகிறது. எனக்கு அவர்களை உலுக்க வேண்டும் போலிருக்கிறது. உங்களுக்கு அவளைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

கடைசி வாரத்தில் நீயே பேச்சை எடுத்தாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அன்னிக்கு மழைல, உனக்காவ பயந்தேன்னு நெனச்சிகினுகீறியா?"

"இல்லையா?"

"ஒன்ன எனக்குத் தெரியும். நீ எதுவானாலும் தாங்குவ. வயித்துல இருந்துச்சே, அது யாருன்னே எனக்குத் தெரியாது. யாருன்னே தெரியாத ஆளுக்காவ பயந்தது அதான் மொத தபா." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாய். "ரொம்பப் பெரிய பயம்டி அது. கால் தானா மேல வந்துடுச்சி."

எனக்கு நீ வேகத்தை விட்டுப்போகவில்லை. அந்தப் பயத்தைத்தான் விட்டுப்போயிருக்கிறாய். அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. முதல் தூறல் விழுந்துவிட்டது. மகள் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறாள். நான் பேனாவோடு ஜன்னலில் நிற்கிறேன். விளக்குப் போட்டபடி ஒவ்வொரு வண்டியாகப் போகிறது. உள்ளே இருப்பவர்கள் யாரென்று தெரியாது. ஒவ்வொன்றும் திருப்பத்தைக் கடந்து மறையும்வரை என்னால் உட்கார முடியவில்லை.