ரோசாவுக்கு நான் சொன்ன ஓம்

என் வதனி,

நீ இறந்ததை நீ படிப்பித்த பள்ளிக்கூடம் அங்குள்ள ஸ்பானிஷ் பேசும் தாய்மாருக்குச் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் நற்குணங்களை மற்றவர்கள் இந்த நினைவு மலரில் எழுதட்டும்.

யாரோடு பேசுவதற்காக நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்தாயோ, அவர்களுக்கே சொல்லவில்லை. விடுமுறை என்பதால் பிள்ளைகளுக்கும் தெரியாது. அதிபர் ஆங்கிலத்தில் ஓர் ஈமெயில் அனுப்பினார். எல்லாப் பெற்றோருக்கும் போய்ச் சேர்ந்தது என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னார். அந்தத் தாய்மாரால் அதை வாசிக்க முடிந்ததா என்று கேட்டேன்.

உன் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து மூன்றாம் நாள் ரோசா வந்தாள். உன் வகுப்புப் பிள்ளையின் தாய், ஸ்பிரிங்வேலில் துணி தைக்கிறவள். பள்ளித் தவணை முடியும்போது நீ இருமியதைக் கண்டிருப்பாள் போல. ஒரு சட்டி சூப்போடு ரோவிலில் உன் வீட்டுக்கு பஸ் பிடித்து வந்திருந்தாள்.

கதவைத் திறந்தவன் நான். அவள் மொழியில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. மாலை போட்ட உன் படத்தையும் விளக்கையும் கையால் காட்டினேன். ஒரு மரணத்தை அப்படியா சொல்வது? அவள் கதிரையில் இருந்துவிட்டாள். சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு என் கையைப் பிடித்து நீளமாக ஏதோ கேட்டாள். கேள்வி என்று மட்டும் தெரிந்தது. "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். அழுதுகொண்டு போனாள்.

எதற்கு ஓம் சொன்னேன், வதனி?

"ஐம்பத்தாறு வயசில உனக்கென்னத்துக்கு ஸ்பானிஷ்?" என்று உன்னைக் கேட்டவன் நான். நீ குசினிக்குள் நின்று சிரித்தாய். "சப்பாத்து, மேசை எண்ட சொல்லெல்லாம் அவையின்ர பாஷையிலையும் இருக்கண்ணை. அரைவாசி எனக்கு முதலே தெரியும்." பிறகு சிரிக்காமல் சொன்னாய்: "அண்ணி உங்கட மகளின்ர பள்ளிக்கூடக் கூட்டத்தில இங்கிலீஷ் விளங்காமல் எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு, வீட்டை வந்து அழுதவ. மறந்திட்டியளே?"

மறக்கவில்லை. உன்னிடம் ஒத்துக்கொள்ளவும் இல்லை. கார் திருத்தும் புத்தகங்களை வைத்து ஆங்கிலத்தைத் தனியாகப் படித்தவன் நான். மற்றவர்களும் அப்படிப் படிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

உன் ஸ்பானிஷ் கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் போட்டிருக்கிறாய். முதல் பக்கத்தில், 'உங்கள் மகள் இன்று தானாக வாசித்தாள்.' கடைசிப் பக்கம் வரை தேடினேன். சாவைச் சொல்ல ஒரு வசனமும் நீ எழுதிவைக்கவில்லை.

உன் மகன், "மாமா, லீவ் இற்" என்கிறான். விடமாட்டேன்.

அதிபர் அந்தத் தாய்மாரைக் கூப்பிட்டு, அவர்களுக்கு விளங்கும் மொழியில், முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். உன் மகன் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவர்களைக் காரில் ஏற்றி வரவேண்டும். நினைவு மலரில் ஒரு பக்கம் ஸ்பானிஷில் வரவேண்டும். இடமில்லை என்றால் அச்சடிப்பவர் என் இந்தக் கட்டுரையை எடுத்துவிடட்டும். ரோசாவின் சட்டியை நான் கழுவி வைத்திருக்கிறேன். அதை நானே கொண்டுபோய்க் கொடுத்து, அன்று கேட்டதைத் திரும்பக் கேட்கச் சொல்லவேண்டும். 'திரும்ப ஒருக்கால் சொல்லுங்கள்' என்ற அந்த ஒரு வசனத்தை உன் கொப்பியில் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்பது விளங்கும்வரை இருந்து கேட்பேன்.

இனி விளங்காமல் ஓம் சொல்லாத
உன் அண்ணை