சட்டைப் பையில் இருந்த திறப்பு

வைகாசி 9, சனி. மயிலிட்டிக் கடற்கரை.

ஜிம்மி இன்னும் தண்ணீர் குடிக்கவில்லை.

மத்தியானம் கோயிலுக்குப் போகும்போது ஜிம்மி, ரோசி இரண்டு நாய்களையும் கரவன் வண்டிக்குள் விட்டோம். கோயிலுக்குள்ளே மேற்சட்டையோடு போகக்கூடாதென்று இவர் சட்டையைக் கழற்றிக் கரவன் கட்டிலில் போட்டுவிட்டு வந்தார். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. திறப்பு சட்டைப் பையில் இருந்தது பூசை முடிந்து வந்த பிறகுதான் தெரிந்தது.

கோயில் வாசலில் கச்சான் கடலை விற்ற அம்மா சொன்னா: “இவ்வளவு நேரமும் குலைச்சதுகள், தங்கச்சி. இப்பதான் சத்தமில்லை.”

இவர் கதவை இழுத்துக்கொண்டு நின்றார். அவவே கல்லை எடுத்துக் கொடுத்தா. “சாமிக்குத் தேங்காய் உடைச்ச கைதானே தம்பி, கண்ணாடியை உடையும்.”

உள்ளே அடுப்புப் போலச் சூடு. ரோசி எழுந்து வந்தாள். கிழவன் ஜிம்மியைத் தூக்கித்தான் எடுத்தோம். விடியும்வரை மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி மிருக வைத்தியர் தொலைபேசியில் சொன்னார்.

“எல்லாம் என்ரை பிழை” என்று சொல்லிச் சொல்லி இவர் இப்போதுதான் கண்ணயர்ந்தார். உடைந்த ஜன்னலால் கடற்காற்று வருகிறது.

குலைத்தால் பூசைக்கு இடைஞ்சல் என்று, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்ற ஜிம்மியை உள்ளே தள்ளி, அந்த ஜன்னலைச் சாத்தியது நான். இவருக்குத் தெரியாது.

விடிந்ததும் சொல்கிறேன். அதுவரை இவன் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கட்டும்.