மடைப்பள்ளிக்கு ஒரு சுவிட்ச்

12 ஜூன் 1955, ஞாயிறு

தாமோதரன் இன்று ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். புத்தூரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவன். நம் சந்தில் கம்பம் நட்ட நாளிலிருந்து திருப்பதியிலேயே கிடக்கிறான். பலகையில் நாலு சுவிட்சுகள் திருகி வைத்திருக்கிறது. உள்ளூர்க் கறுப்பு, சீமைக் கறுப்பு, வெள்ளைப் பீங்கான், பித்தளை மூடி போட்ட ஒன்று.

"இன்னா சாமி, எதிர் வூட்டு வஸுமதியம்மா வூட்ல மாட்டி முடிச்சிட்டேன். நீங்க இன்னும் சிம்னி தொடச்சிக்கினு இருக்கீங்களே."

எது உசத்தி என்று கேட்டேன். "எல்லாமே நல்லாத்தான் இருக்கும் சாமி" என்றான். விற்கிறவன் வேறென்ன சொல்வான்? ஒரு வாரம் பலகை என்னிடம் இருக்கட்டும், பரீட்சை செய்து சொல்கிறேன் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே விட்டுவிட்டுப் போனான்.

எனக்கு நாற்பது வயது. ஆபீசில் பதினாறு வருஷமாக மற்றவர்கள் முடிவு செய்ததைப் பதிவேட்டில் ஏற்றுகிறேன். முதல் தடவையாக நான் முடிவு செய்ய ஒன்று கிடைத்திருக்கிறது.

14 ஜூன், செவ்வாய்

உள்ளூர்க் கறுப்பு: "டொக்" என்கிறது. சோம்பேறி. குமிழ் பாதி வழியில் நின்று யோசிக்கிறது. பத்துக்கு நாலு.

சீமைக் கறுப்பு: "டக்". சுறுசுறுப்பு. தொட்டால் வழவழவென்று இருக்கிறது. எட்டு.

பீங்கான்: பார்க்க லட்சணம். ஆனால் விரலுக்குச் சில்லென்று, யாரோ தெரியாதவர் கையைப் பிடித்த மாதிரி. ஏழு.

பித்தளை: கோயில் கதவுத் தாழ்ப்பாள் போல கனம். கௌரவமான சத்தம். எட்டரை.

எல்லாவற்றிலும் குமிழைக் கீழே தள்ளினால்தான் விளக்கு எரியுமாம். ஏற்றுவதற்கு ஏன் இறக்க வேண்டும்? தாமோதரனைக் கேட்க வேண்டும்.

15 ஜூன், புதன்

ஒவ்வொன்றையும் இருநூறு தடவை அழுத்தினேன். என் ஆம்படையாள் பத்மினி எட்டிப் பார்த்து, "எந்த விளக்கும் எரியலையே?" என்றாள்.

19 ஜூன், ஞாயிறு

கூடத்துக்கும் ரேழிக்கும் சீமைக் கறுப்பு என்று பதினைந்து நிமிஷத்தில் முடிவாயிற்று. மடைப்பள்ளி, அதுதான் எங்காத்துச் சமையல் அறை, என்றதும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"கறுப்பா இருக்கே, அது என்னடா வஸ்து?"

பேக்லைட் என்றேன். அது என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பலகையைத் திருப்பி வாங்கிப் போக வந்த தாமோதரன் உதவிக்கு வந்தான். "அரக்கு மாதிரிங்க பெரியம்மா."

"அரக்கா? பூச்சி எச்சில்! பெருமாளுக்குத் தளிகையாற இடத்துல பூச்சி எச்சிலா?"

பீங்கான்? அது மண் பாண்டம், மடிக்கு ஆகாது. இதற்கு பத்மினி, தலையை நிமிர்த்தாமல் கீரை ஆய்ந்துகொண்டே, "ஆவக்காய் ஜாடி பீங்கான்தானேம்மா?" என்றாள்.

தாமோதரன் மேல் விட்டத்தைப் பார்த்தான். நான் பலகையைப் பார்த்தேன்.

"ஜாடி வேறே" என்றாள் அம்மா கடைசியில். "ஜாடியை யாரும் டக் டக்குனு அடிக்கிறதில்லே."

பித்தளை ஒன்றுதான் மிச்சம். அம்மா அதை முறத்தில் வைத்துப் பார்க்கிற அரிசி போலப் பார்த்தாள். "இதைத் தேய்க்கலாம். தேய்ச்சா சுத்தி" என்றாள். எட்டரை மார்க் வாங்கியதே ஜெயித்தது. எனக்கு உள்ளூரப் பெருமை.

24 ஜூன், வெள்ளி

மானம் போயிற்று.

மின்சார மனுவைத் தெலுங்கில் பூர்த்தி செய்து கொடுக்கச் சொன்னார்கள். ஆந்திர ராஜ்யம் வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எனக்குப் பேசத் தண்ணீர்பட்ட பாடு, எழுதத்தான் நடுக்கம். இருந்தாலும் நானே எழுதினேன். கூடம், ரேழி எல்லாம் சரியாக வந்தது. மடைப்பள்ளிக்கு மட்டும் தெலுங்கு வார்த்தை அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. மடைப்பள்ளி என்றே தெலுங்கு எழுத்தில் எழுதிவிட்டேன்.

மின்சார ஆபீசுக் குமாஸ்தா நல்ல மனுஷர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மடப்பள்ளி... ஏ தாலூக்கா அண்டி?" என்றார். ஏதோ கிராமம் என்று நினைத்துவிட்டார்! பாலசமுத்திரம் பக்கமா, புத்தூர் பக்கமா என்று தேசப்படத்தை வேறு விரித்தார். பக்கத்து மேஜைக்காரர், எல்லைத் தகராறு தீராமல் அந்தப் பக்கம் கம்பி இழுக்க வேண்டாம், நாளைக்கே ஊர் மெட்ராஸுக்குப் போய்விட்டால் கம்பியும் போய்விடும் என்றார். இரண்டு பேரும் அதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். நான் நடுவில் நின்றேன்.

"வண்ட இல்லு, வண்ட இல்லு" என்று கடைசியில் கத்திவிட்டேன். அப்போதுதான் மடைப்பள்ளிக்கான தெலுங்கு ஞாபகம் வந்தது. ஆபீசிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குப் பசி என்று நினைத்து.

பத்மினியிடம் சொன்னபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

3 ஜூலை, ஞாயிறு

கரண்ட் வந்துவிட்டது.

கூடத்து சுவிட்சை நான் போட்டேன். சுவரில் இவ்வளவு ஒட்டடை இருப்பது இன்றுதான் தெரிகிறது. மடைப்பள்ளியில் பித்தளை சுவிட்சை பத்மினி போட்டாள். அடுப்பையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். அணைத்தாள், மறுபடி போட்டாள்.

அம்மா பெருமாள் உள்ளில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பொழுது விடிந்து விளக்கை அணைத்த பிறகுதான் மடைப்பள்ளிக்குள் வருவாளாம்.

8 ஜூலை, வெள்ளி

பித்தளையைத் தேய்த்தால் சுத்தி என்று அம்மா சொன்னபோது நான் யோசித்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பாத்திரம் தேய்க்கிற நாள் என்பதையும்.

காலை பத்து மணி. புளியைக் கரைத்து, சொட்டச் சொட்ட ஈரக் கையோடு சுவரிலிருந்த சுவிட்சைத் தேய்த்திருக்கிறாள். சொம்பு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். பத்மினிதான் ஓடிப் போய்த் தூக்கினாளாம். பெருமாள் காப்பாற்றினார், கையில் சிராய்ப்பு மட்டும்.

நான் ஆபீசிலிருந்து ஓடி வந்தேன். "என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலே. தரை வழுக்கித்து."

"ஷாக் அடிச்சுதா?"

"புளிக்குப் புளிப்பு ஜாஸ்தி. கை கூசித்து. அவ்வளவுதான்."

ஆனால் அவள் அண்ணாந்து தீர்த்தம் குடிக்கையில் டம்ளர் பல்லில் தட்டியது. எட்டரை மார்க்! போட்டவன் கையை வெட்ட வேண்டும்.

9 ஜூலை, சனி

மடைப்பள்ளி சுவிட்சைக் கழற்றிவிட வேண்டும், சிம்னியே போதும் என்று அம்மாவின் உத்தரவு. காரணம்: பித்தளை சத்தம் பெருமாளுக்கு உகக்காது. தாமோதரன் வந்து கழற்றினான். சுவரில் ஒரு துளையும் இரண்டு கம்பியும் துணி சுற்றி நிற்கின்றன.

11 ஜூலை, திங்கள்

பத்மினி கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என்னிடம் இன்றுதான் குரல் உயர்த்தினாள். அதுவும் மெதுவாகத்தான் உயர்த்தினாள், அம்மா காதில் விழாமல்.

"அஞ்சு நாள். அஞ்சே நாள் நான் என்ன கொதிக்கறதுன்னு கண்ணால பார்த்துத் தளிகை பண்ணினேன். நாலரை மணிக்கு அந்த இருட்டுல நின்னு பாருங்கோ ஒரு நாள். உங்களுக்கு சுவிட்சுக்கெல்லாம் மார்க் போடத் தெரியறது. அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசத் தெரியலே."

அவள் சொன்னது சரி. சரியாக இருப்பதால்தான் இவ்வளவு எரிகிறது. நான் என்ன பண்ணட்டும்? அம்மாவோ பயந்து போயிருக்கா. பயம்னு வாய் திறந்து சொல்ல மாட்டா, மடின்னுதான் சொல்லுவா. பயத்தோட எப்படிப் பேசறது?

போய்ப் பேசினேன். "அம்மா, மடைப்பள்ளி விஷயமா..." என்று ஆரம்பித்தேன். "உனக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு, குரல் சரியில்லே, போய்ப் படு" என்றாள். வந்து படுத்துவிட்டேன்.

17 ஜூலை, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி வைக்க வேண்டும்.

நானே தாமோதரன் தங்கியிருக்கும் இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அம்மா பயத்தையும் சேர்த்து. கேட்டுவிட்டுப் பீடியை அணைத்தான். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே சாமி. மேல மாட்டி கயிறு இழுக்கற சுவிட்ச் ஒண்ணு கீது. சுவத்துப் பக்கமே போவ வேணாம்" என்றான்.

கூரை மரத்தில் அதை மாட்டினான். கயிறு தொங்கியது. அம்மா வாசற்படிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

"நூல் கயிறு. நூல்ல தீட்டு ஏறும்" என்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். தாமோதரன் ஏணியில் நின்றபடியே, "பட்டுல தீட்டு ஏறுமா பெரியம்மா?" என்று கேட்டான்.

"பட்டுல ஏறாது."

"கரண்டும் ஏறாது. நூல் நனைஞ்சா ஆபத்து, பட்டு நல்லது. பெரிய பெரிய வயருக்கே அந்தக் காலத்துல பட்டுதான் சுத்துவாங்களாம். என் நைனா சொல்லிக்கினு இருப்பாரு."

அம்மா அவனை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தாள். "சாஸ்திரத்துல எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கா" என்றாள், ஏதோ அவளே எழுதினது போல. உள்ளே போய்த் தன் மடிப் புடவையிலிருந்து ஒரு சாண் அகலத்துக்கு நீளமாகக் கிழித்துக்கொண்டு வந்தாள். அரக்குச் சிவப்புக் காஞ்சிப் பட்டு! பத்மினி அதை மூன்றாகப் பின்னினாள். தாமோதரன் கட்டினான்.

அம்மா என்னை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். "இன்னொரு தரம்." இழுத்தேன். பதினொரு தடவை. நான் சாகவில்லை என்று திருப்தியான பிறகு உள்ளே வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பட்டை நுனியில் பிடித்து இழுத்தாள்.

கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தாள். "இதை நான்தான் இழுப்பேன்" என்றாள். "மடியா இருக்கறவா யாரோ அவாதான் தொடணும். விடிகாலை நான் வந்து இழுத்தப்புறம் அவ உள்ளே வந்தா போதும்."

பத்மினி சரியென்று தலையாட்டினாள். யார் இழுத்தால் என்ன!

18 ஜூலை, திங்கள்

நாலரைக்கு அம்மா இழுத்தாள். சந்து முழுக்கக் கேட்டிருக்கும்.

26 ஜூலை, செவ்வாய்

அம்மா நிபுணர் ஆகிவிட்டாள். வஸுமதி வீட்டுக்குப் போய், கூடத்து சுவிட்சைப் புடவைத் தலைப்பால் பிடித்து மூன்று தரம் அழுத்தி, "உள்ளே சுருள் கம்பி தளர்ந்திருக்கு. உள்ளூர்ச் சரக்கு. உன்னை ஏமாத்திட்டான்" என்று தீர்ப்புச் சொன்னாளாம். வஸுமதியின் ஆத்துக்காரர் வக்கீல். அவர் தாமோதரனைக் கூப்பிட்டுச் சட்டம் பேசியிருக்கிறார்.

சாயங்காலம் தாமோதரன் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டான். "சாமி, பெரியம்மாவ வூட்லயே வச்சிக்கினு இருங்க. நாலு வூட்ல மாத்தச் சொல்றாங்க. எல்லாத்துக்கும் மேலே மாட்டி பட்டு கட்டணுமாம்."

அம்மா உள்ளிருந்து, "பட்டு அவா அவா ஆத்துலேருந்து குடுக்கச் சொல்லு" என்றாள்.

4 ஆகஸ்ட், வியாழன்

முகம் மழித்துக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"யதி. உன் ஆம்படையா கையை வெளிச்சத்துல என்னிக்காவது பார்த்திருக்கியா?"

ரேகை சமாசாரம் என்று நினைத்து, "ஜோசியர் யாராவது வந்திருக்காராம்மா?" என்று கேட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பிடும்போது பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும். வெண்கலப் பானை விளிம்பு பட்ட கோடுகள், சில பழசாகி வெளுத்தவை, சில கறுத்தவை. எண்ணெய் தெறித்த புள்ளிகள். இடது கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, தோல் சுருங்கி. வளையலும் ரவிக்கைக் கையும் எவ்வளவோ மறைக்கும்தான். ஆனால் பதினோரு வருஷமாக இந்தக் கைதானே எனக்குப் பரிமாறியது? நான் இலையை மட்டுமா பார்த்தேன்?

"இது எப்போ?" என்று கேட்டேன்.

"எது எப்போ?"

"இது. இது எல்லாம்."

"சுட்டதுக்கெல்லாம் தேதி போட்டு வெச்சுக்க நான் என்ன டைரியா எழுதறேன்?" என்று மோர் விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.



7 ஆகஸ்ட், ஞாயிறு

விடிகாலை மடைப்பள்ளியில் பாத்திரச் சத்தம் கேட்டு விழித்தேன். பக்கத்தில் பத்மினி தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. எழுந்து போனேன்.

அம்மா ஈரப் புடவையோடு அடுப்பின்முன் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் விளக்கு. அரிசி களைந்து வைத்திருந்தது. அறுபத்தாறு வயது. தளிகையை மருமகளிடம் விட்டுப் பதினோரு வருஷம்.

"கிட்டே வராதே, மடி. அவளை எழுப்பாதே. இனிமே ஆறு மணிவரை நான் பார்த்துக்கறேன். நேக்குத்தான் தூக்கமே வரதில்லையே."

நான் என்ன செய்ய என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை அந்த வாசலில் நான் இதற்குமுன் கேட்டதில்லை. அம்மாவும் யோசித்துத்தான் பதில் சொன்னாள். தண்ணீர் இறைக்கச் சொன்னாள்.

நாலு குடம் இறைத்துக் கொண்டுவந்து வைத்தேன். குளிக்காமல் இறைத்த ஜலம் உதவாதாம். நாலையும் மல்லிச் செடியில் கொட்டச் சொன்னாள். கிணற்றடியில் தலையோடு குளித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு நடுங்கிக்கொண்டே மறுபடியும் நாலு குடம்.

ஆறரை மணிக்கு பத்மினி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். சாதம் ஆகியிருந்தது. அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "தலையைப் பின்னிண்டு வா" என்றாள்.

சாத்தமுதில் உப்பு ரொம்பக் கூட. பத்மினி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். நானும். நாளைக்கு எத்தனை குடம் என்று கேட்டேன். ஆறு என்றாள் அம்மா.